எண் எழுதாத கதவு

போன வாரம் எங்கள் தெருவில் தார் போட்டார்கள். அந்த வாசனை எழுந்தால் இன்றும் விரல்களில் கறை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். சிரிக்காதீர்கள். என் முதல் உத்தியோகமே ஒரு தார் டப்பாவும் தூரிகையும்தான்.

பெங்களூர் அதற்குச் சற்று முன்புவரை இரண்டு ஊர். பாளையக்காரர் ஒருவர் மண்கோட்டை கட்டி, ஏரி வெட்டி உண்டாக்கிய பேட்டை ஒன்று. வெள்ளைக்காரர் தம் படைக்காக அமைத்த தண்டு எனும் கன்டோன்மென்ட் மற்றொன்று. சுதந்திரத்துக்குப் பின் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். ஒன்றான ஊருக்கு ஒரே பதிவேடு வேண்டுமல்லவா? கதவுதோறும் எண் எழுதிக் குடியிருப்போரைப் பதிய, என்னைப் போன்ற பட்டதாரிகளை எடுத்தார்கள். நான் சரித்திரம் படித்தவன். நகரத்தின் புதுச் சரித்திரத்தையே எழுதுவதாக நினைப்பு. சட்டையெல்லாம் தார்.

அல்சூர் ஏரிக்கருகே ஒரு சந்து. ரிச்சர்ட்ஸ் டவுன் பங்களா ஒன்றில் ஆயாவாக இருந்த ராஜம்மா, தூரிகையைக் கண்டதும் தம் வீட்டுக் கதவில் முதுகை ஒட்டி நின்றுகொண்டார்.

"வோணாம் சார். எங்கூட்டுக்கு மட்டும் வோணாம்."

"கணக்குக்குத்தாம்மா. ஒண்ணும் ஆகாது."

"அப்பவும் இதான் சொன்னாங்கோ. பிளேக் வந்தப்ப இப்படித்தான் கதவுல கறுப்பா எழுதினாங்கோ. மறுநாளு எங்கம்மாவ ஊருக்கு வெளிய சீக்காளிங்கள வெச்ச கொட்டாய்க்கு இஸ்துகினு போனாங்கோ. கூரையப் பிரிச்சாங்கோ. அம்மா திரும்பவேயில்ல சார்."

எதிர்வீட்டு ஜட்காக்காரர் குப்புசாமி சிரித்தார். "அக்காவோட நம்பரயும் எங்கூட்லயே எழுதிக்கோ சார். ரெண்டு நம்பர் இருந்தா இன்னொரு பொண்டாட்டி கட்டிக்கலாம்!"

"வாய மூடுடா, குதிரை நாத்தம் புடிச்சவனே!"

பிளேக் வந்ததால்தான் நெரிசல் நீங்கி, அகன்ற தெருக்களோடு புதிய டவுன்கள் பிறந்தன என்று நான் தேர்வில் பாராட்டி எழுதியிருந்தேன். யாருடைய கூரையைப் பிரித்து அந்த அகலம் வந்தது என்று யோசித்ததில்லை. தூரிகையை டப்பாவில் போட்டேன். பதிவேட்டிலும் அவ்வீட்டை விட்டுவிட்டேன். ராஜம்மா கும்பிட்டார். விஷயம் வெளிப்பட்டால் வேலை போகுமே என்று பல நாள் உறக்கமின்றிக் கிடந்தேன். அச்சமெல்லாம் என்னைப் பற்றியே.

சில ஆண்டுகள் கழித்து, சாலையை அகலப்படுத்துவதற்காக அந்தச் சந்து முழுவதையும் இடித்தார்கள். பதிவேட்டில் எண் உள்ள வீடுகளுக்கு மாற்று மனை. குப்புசாமிக்குக் கிடைத்தது. ராஜம்மா தமக்கும் மனை கேட்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மேலதிகாரி என் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, அங்கே அப்படி ஒரு வீடே இருந்ததில்லை என்றார்.

இரண்டு மேசை தள்ளி நான் உட்கார்ந்திருந்தேன்.

"தோ, இந்த சாருக்குத் தெரியும். கேளுங்கோ."

ஒரு சொல் போதும். என் வேலை போயிருக்கும், அவருக்கு மனை கிடைத்திருக்கும். இதை நான் அந்தக் கணத்திலேயே சரியாகக் கணக்கிட்டேன். பிறகு குனிந்து, பேனாவுக்கு மை ஊற்றத் தொடங்கினேன்.

அந்தச் சந்து இருந்த இடத்தில் இன்று பேருந்துகள் ஓடுகின்றன. ஜட்காக்கள் இல்லை, குதிரைகள் நீர் குடித்த கல்தொட்டி இல்லை. ராஜம்மா எங்கே போனார் என்று தேட எனக்கு ஒரு விலாசமும் இல்லை. அதை எழுதியிருக்க வேண்டியவன் நான்.