மடிப்பில் விட்ட துணி

பனியன் துணியைத் தையல்காரியின் இரண்டு கைகளும் இழுத்துப் பார்த்தன. சாக்பீஸ் கோட்டுக்கு வந்த கத்தரி ஒரு கணம் நின்றது. பிறகு ஒரு விரல் அகலம் தள்ளிப் போய் வெட்டியது.

"எதுக்குடி அவ்வளவு துணிய விடற? நிக்குமா போகுமான்னே தெரியல, அதுக்கு வளர்றதுக்கு வேற துணி" என்றாள் கொக்கி தைத்துக்கொண்டிருந்த பெரியம்மா.

"குழந்தைத் துணின்னா மடிப்புல விட்டுத்தான் தைப்பேன். பின்னால பிரிச்சு விடணும்ல."

தம்பிக்குப் புதிதாய்ப் பிறந்த மகளுக்குத்தான் அவள் தொப்பி தைத்துக்கொண்டிருந்தாள். பிரசவத்தில் கழுத்து இழுபட்டதில் உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு அடிபட்டிருந்தது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இறங்கி மூச்சை இழுக்க வேண்டிய தசை ஒரு பக்கம் துவண்டு கிடந்தது. நரம்பு தேறும்வரை இயந்திரம்தான் மூக்குக் குழாய் வழியே காற்றைத் தள்ள வேண்டும். தேறாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குழாயைப் பிடித்து நிறுத்த ஆஸ்பத்திரியில் போட்ட தொப்பியோ அந்தத் தலைக்குப் பெரிது. அது நழுவும்போதெல்லாம் குழந்தை நீலம் பாரித்தது. அளவாக ஒன்று தைத்துத் தர முடியுமா என்று நர்ஸ் கேட்டிருந்தாள்.

மறுநாள் காலையில் தொப்பியை வாங்கிப் போன தம்பி மதியமே திரும்பி வந்தான்.

"உள்மடிப்பு நெத்தியில அழுத்துதுக்கா. செவந்து போச்சு. சிஸ்டர் கழட்டிட்டாங்க."

அவள் முகம் சுண்டியது. ரவிக்கை தைத்த கை; மடிப்பென்றால் உள்ளே மறைத்தே பழக்கம். பூ மாதிரியான தோலை அது யோசிக்கவில்லை.

"அப்பவே சொன்னேன். அந்த மிச்சத்த வெட்டிப் போடு" என்றாள் பெரியம்மா.

அவள் கத்தரியை எடுத்தாள், திரும்ப வைத்தாள். தையலைப் பிரித்தாள். மடிப்பை வெளிப்பக்கம் திருப்பி, உள்ளே வழவழவென்று இருக்கும்படி தைத்தாள்.

"நல்லா லட்சணமா இருக்கு. தையல்காரின்னு வெளிய சொல்லிக்காத."

"பாக்கறவங்க பாத்துட்டுப் போகட்டும். துணியை மட்டும் வெட்ட மாட்டேன்."

கொதிநீரில் போட்டெடுத்து, இஸ்திரி போட்டு, தானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தையின் நெஞ்சு ஒரு பக்கம் மட்டும் ஏறியது. மறுபக்கம் ஏறப் பார்த்துத் தோற்று, மறுபடியும் பார்த்தது.

'விட்டுடாதடி' என்று உதட்டுக்குள் சொன்னாள்.

நர்ஸ் வந்து கை நீட்டினாள். "வெளிய என்னங்க இவ்வளவு துணி தொங்குது?"

"அவ தலை பெருசானா பிரிச்சு விடறதுக்கு. நான்தான் வந்து பிரிப்பேன், சிஸ்டர்."

நர்ஸ் நீட்டிய கையை மடக்கவில்லை. தையல்காரி தொப்பியை அதில் வைத்தாள்.