புடையனுக்கு ஒரு லைசென்ஸ்

1989 என்று நினைக்கிறேன். குளிர் விட்டுப்போகாத ஒரு சனிக்கிழமை காலை. லண்டனில் லூயிஷாம் சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் நான் தனியாகக் குடியிருந்தேன். கவுன்சில் அனுப்பிய மிருக வைத்தியர் அன்று வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. நான் இந்த நாட்டுக்கு வந்த மூன்று வருடத்தில் என் வாசலைத் தாண்டி உள்ளே வந்த முதல் ஆள் அவர்தான்.

விஷயம் இதுதான்: விஷப்பாம்பு வளர்க்க நான் லைசென்ஸ் கேட்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். ஊரில் பாம்பைக் கண்டால் தடி தேடுகிற கூட்டம்தான் நாங்கள். இங்கே ஒரு மாலை மழைக்கு ஒதுங்கிய மண்டபத்தில் பாம்பு வளர்ப்பவர்களின் மாதக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. தேநீர் கொடுத்தார்கள். எந்த நாடு என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த மாதமும் போனேன். விஷமில்லாத சின்னப் பாம்பு ஒன்றை வாங்கி வளர்த்தேன். வேலையால் வந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்து அன்றைய கதையெல்லாம் சொல்வேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஆனாலும் ஊதினேன்.

பிறகு அந்தக் கூட்டத்தில் ஒருவர் வெளிநாடு போவதால் தன் புடையனை ஒப்படைக்க ஆள் தேடினார். கண்ணாடி விரியனைத்தான் எங்கள் பக்கத்தில் புடையன் என்போம். பார்த்ததும் மனம் என்னவோ செய்தது. லண்டனில் நான் பயமில்லாமல் நேரே பார்க்கக்கூடிய ஒரே ஊர்க்காரன் அது! எனக்கு விசா வேண்டும், புடையனுக்கு லைசென்ஸ் வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். மாத முடிவுக்குள் லைசென்ஸ் கிடைக்காவிட்டால் அது வேறு யாருக்கோ போய்விடும்.

மனித ஊர்க்காரர் இல்லாமலா? இருந்தார்கள். நான்தான் ஒளிந்து திரிந்தேன். எங்கள் ஆட்கள் சந்தித்தால் முதல் கேள்வி "ஊரிலை எவ்விடம்?" அடுத்தது "ஆற்றை ஆள்?", அதாவது யாருடைய ஆள் என்று. பதில் சொன்னால் அது யார் காதுக்குப் போகும் என்று தெரியாத காலம். ஊரில் நடந்த சண்டையில் என் தம்பி எந்த இயக்கத்தில் சேர்ந்தான், உயிரோடு இருக்கிறானா என்பது எனக்கே தெரியாது. பஸ்ஸில் தமிழ் கேட்டால் இறங்கிவிடுவேன். கீழ்வீட்டில் மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கக் கணவன் மனைவி இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு "குட் மோர்னிங்"தான், தமிழ் தெரியாதவன்போல் படியேறிவிடுவேன். இரண்டு வீட்டுத் தபாலும் ஒரே வாசலில்தான் விழும். என் பெயரை அவர்கள் பார்த்திருப்பார்களே என்றுகூட எனக்கு உறைக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை.

வைத்தியர் புடையனுக்கென்று நான் வாங்கியிருந்த பெட்டியின் பூட்டைப் பார்த்தார். கதவின் அடி இடுக்கை நான் ரப்பரால் அடைத்திருந்ததைக் குனிந்து தடவினார். இதற்கென்றே எடுத்த டெலிபோனைத் தூக்கிப் பார்த்தார். அது வந்த நாளிலிருந்து ஒருதரமும் அடித்ததில்லை. எல்லாம் சரி என்றார். பிறகு படிவத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: நீங்கள் இந்த அறையில் விழுந்துவிட்டால், அது வேறொருவருக்கு எப்போது தெரியவரும்?

மனதுக்குள் எண்ணினேன். திங்கட்கிழமை வேலைக்குப் போகாவிட்டால் தடிமன் காய்ச்சல் என்பார்கள். செவ்வாயும் போகாவிட்டால் வேலையை விட்டுவிட்டான் என்பார்கள். வாடகை வாங்க வீட்டுக்காரர் வாசலுக்கு வருவது வெள்ளிக்கிழமைதான்.

"வெள்ளிக்கிழமை" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அன்று சனிக்கிழமை.

"ஆனால் இவர் இருக்கிறாரே" என்று படிவத்தில் விரலை வைத்தார். பெட்டி திறக்கும்போது கூப்பிடு தூரத்தில் இருக்கும் இரண்டாவது ஆளின் பெயரைக் கேட்கும் வரி அது. ஒரு வாரம் வெறுமையாக வைத்திருந்துவிட்டு, வாசலில் கிடந்த தபால் உறையைப் பார்த்துக் கீழ்வீட்டுக்காரரின் பெயரை எழுதியிருந்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வாருங்கள், அவரோடு பேசிவிட்டுப் போகலாம் என்று வைத்தியர் படியிறங்கத் தொடங்கினார். நானும் பின்னால் இறங்கினேன்.

கதவைத் திறந்தவர் இடுப்பில் கட்டிய சாரத்தோடு நின்றார். வைத்தியர் எல்லாவற்றையும் விளக்க, புருவம் சுருக்கிக் கேட்டார். என்னை ஒருதரம் பார்த்தார். பொய்யன் என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னது இதுதான்: எனக்குச் சொல்லிவிட்டுத்தான் திறக்க வேண்டும், அப்படியென்றால் சம்மதம்.

வைத்தியர் போனபின் தமிழில் கேட்டார். "தம்பி, கோவிக்காதையும். ஒவ்வொரு பின்னேரமும் மேலை ஆரோடை கதைக்கிறனீர்?"

"பாம்போடை, அண்ணை."

உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்துவிட்டார். "அந்தோனியாரே! நாங்கள் உம்மடை பெஞ்சாதி எண்டெல்லே நினைச்சம். பாவம், அந்தப் பிள்ளை வாயே திறக்கிறதில்லையெண்டு கவலைப்பட்டனாங்கள்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தேநீர் தந்தார்கள். எவ்விடம், ஆற்றை ஆள் என்று கேட்கவேயில்லை. அண்ணை கேட்டது ஒன்றுதான்: "எத்தினை மணிக்குத் திறப்பீர்?"

ஞாயிறு காலை பத்து மணி என்று முடிவாயிற்று. திறக்குமுன் நான் காலால் தரையை மூன்று தரம் இடிப்பேன். அண்ணை வீடு கூட்டும் தும்புத்தடியின் நுனியால் தன் கூரைத்தட்டில் மூன்று தரம் குத்துவார். ஐந்து நிமிடத்துக்குள் பெட்டியைப் பூட்டி நான் இரண்டு தரம் இடிக்க வேண்டும். அதுவரை அவர் டெலிபோன் பக்கத்தை விட்டு அசையமாட்டார். லைசென்ஸும் வந்தது, புடையனும் வந்தது. பூசைக்குப் போகும் நேரத்தைக்கூட அவர்கள் எனக்காக மாற்றிக்கொண்டார்கள்.

ஆறு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை புடையன் செத்துப்போனது. கீழே போய்ச் சொல்ல மனம் வரவில்லை. இனி என்ன சாக்கில் அவர்களிடம் போவேன் என்ற பயம் எனக்கு. மறுநாள் பத்து மணிக்கு வெறும் பெட்டியின் முன்னால் நின்றேன். பழக்கத்தில் கால் மூன்று தரம் இடித்துவிட்டது. கீழிருந்து பதில் வந்தது. அதன்பின் இரண்டு தரம் இடிக்க எனக்குத் தோன்றவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணை வெறுங்காலோடு படியேறி ஓடிவந்தார். வாசலில் மூச்சு வாங்க, "கடிச்சுப்போட்டுதோ?" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இல்லையென்று தலையாட்டினேன். வெறும் பெட்டியைக் கண்டதும் அவரும் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நான் விழுந்தால் வெள்ளிக்கிழமைதான் யாருக்கும் தெரியவரும் என்று ஒரு நாள் சொன்னவன் நான். இன்றும் ஞாயிறு பத்து மணியானால், ஐந்து நிமிடத்தில் ஓடிவந்த அந்த வெறுங்கால்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.