ரயில் பாதையில் ட்ராம்

கார்ல்ஸ்ரூஹேக்கு வெளியே ஒரு சின்ன ரயில் நிலையம். பீலெஃபெல்டிலிருந்து வந்து இறங்கி, நகரத்துக்குப் போகும் ரயிலுக்காக முக்கால் மணிநேரமாக நிற்கிறேன். தங்கையின் மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள். இன்று தண்ணீர் வார்க்கிறார்கள். தாய்மாமன் நான் போய்த் தொடக்கிவைக்க வேண்டும். ஆனால் ரயிலைக் காணவில்லை. ரயில் தண்டவாளத்தில் மஞ்சள் ட்ராம்கள்தான் வருகின்றன. தெருவில் ஓடுவது இங்கே ஏன் வருகிறது என்று யாரிடமாவது கேட்கலாம். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எதிர்த்திசை வண்டிக்காக மரக்கறிப் பையோடு வாங்கில் உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் பெண் பொறுக்க முடியாமல் கேட்கிறார்.

“ரெண்டு வண்டியை விட்டிட்டியள் அண்ணை. ஆரையும் பாத்துக்கொண்டு நிக்கிறியளோ?”

“இல்லை. கார்ல்ஸ்ரூஹே ரயிலுக்கு நிக்கிறன்.”

“அப்ப இப்ப போனது?”

“அது ட்ராம் எல்லே. பாதை மாறி வந்திட்டுதாக்கும்.”

அவர் சிரித்த சிரிப்பில் பையிலிருந்த வெங்காயம் உருண்டு ஓடுகிறது. “இஞ்ச அதுதான் ரயில். ரவுணுக்குள்ள போனதும் ரோட்டில ஓடும்.”

நான் வெங்காயம் பொறுக்கும்போது கைத்தொலைபேசி அடிக்கிறது. தங்கை.

“எங்க அண்ணை நிக்கிறியள்? பிள்ளை தண்ணி வார்க்கிற பலகையில இருந்துகொண்டு அழுகுது!”

“ரயில் பிந்திட்டுது,” என்கிறேன்.

“பொய் சொல்லாதேங்கோ அண்ணை! ரெண்டு ரயிலை விட்டிட்டெல்லோ நிக்கிறியள்!” என்று அந்தப் பெண் உரக்கச் சொல்கிறார்.



“பக்கத்தில ஆர் பொம்பிளை?” கலியாணம் ஆகாத அண்ணனை வைத்திருக்கும் தங்கையின் குரல் சட்டென்று இனிக்கிறது. “ஆறுதலா வாங்கோ. அவவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. பிள்ளை இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்.”