கண்ணகி டீச்சர் சொல்லும் எடை

மாதம் ஒருமுறை குழந்தைகளுக்கு எடை போடும் நாளில் கண்ணகி டீச்சர் வாய் கூசாமல் பொய் சொல்வார். நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டி, கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் தெருவில் அங்கன்வாடி நடத்துபவர் அவர். அரசாங்கத்துக்குச் செல்போனில் ஏற்றுவது சரியான எடைதான். சுற்றி நிற்கும் தாய்மார்களுக்குச் சொல்வதுதான் வேறு. குழந்தை நன்றாக ஏறியிருந்தால் உச்சுக்கொட்டி, "என்னாடா இது, இத்தினி முட்டை தின்னும் ஒடம்புல ஒண்ணையும் காணோமே" என்பார். கண் பட்டுவிடக் கூடாதாம். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இது தெரியும். திட்டு வாங்கிய தாய் சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போவாள். டீச்சர் தனியாகக் கூப்பிட்டு மெல்லப் பேசினால்தான் பயப்பட வேண்டும்.

சிவசங்கரும் சண்முகப்பிரியாவும் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் மகன் நிலவன் சேர்ந்தபோது டீச்சரின் செல்போனில் அவன் பெயருக்கு நேரே சிவப்பு காட்டியது. வயதுக்கேற்ற எடை இல்லை என்று பொருள். ஓடமாட்டான், எதற்கும் வாய் திறக்கமாட்டான். டீச்சர் மடியில் உட்காரவைத்து, சத்துமாவு உருண்டையைக் கிள்ளிக் கிள்ளி ஊட்டினால் மட்டும் விழுங்குவான். மற்ற பிள்ளைகள் தூங்கிய பிறகும் அவனை இடுப்பிலிருந்து இறக்கமாட்டார். என் மகள் மணிமொழிக்கு இதில் பொறாமைகூட உண்டு.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் அவன் பெயர் பச்சைக்கு வந்துவிட்டது. அன்று கூட்டமான கூட்டம். டீச்சருக்கு எவ்வளவு சந்தோஷமோ அவ்வளவு சத்தமாகப் பொய்யும் வந்தது. "போடா, ஒன்னத் தூக்கிகினு திரிஞ்சதுதான் மிச்சம். நீ எங்க தேறப்போற!"

பின்னால் நின்ற சண்முகப்பிரியா அதை அப்படியே நம்பிவிட்டாள். அதுவரை தனியாகக் கூப்பிட்டுத் தைரியம் சொன்னவர், இன்று ஊரே கேட்கச் சொல்லிவிட்டாரே, கைவிட்டுவிட்டார் போல என்று நினைத்தாள். மறுநாளே விருத்தாசலம் போய், பிள்ளையோடு ஊருக்கு ரயிலேறிவிட்டாள்.

சில நாள் கழித்து சிவசங்கர் ஷிப்ட் முடிந்து வந்தார். "நிலவன் பேரை எங்க ஊரு அங்கன்வாடிக்கு மாத்திவிடுங்க டீச்சர். இங்க தேறமாட்டான்னு நீங்களே சொல்லிட்டீங்கள்லா?"

"ஐயய்யோ, அது கண்ணு படக்கூடாதுன்னு சொன்னதுப்பா! புள்ள நல்லா ஏறியிருந்தான், நீயே பாரு" என்று டீச்சர் செல்போனை நீட்டினார். சிவசங்கர் அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே நின்றார். மனைவியிடம் சொல்லவும் செய்தார். ஆனால் அதற்குள் அவள் பிள்ளையை அங்கே சேர்த்து, ஒரு துணிக்கடையில் வேலைக்கும் போகத் தொடங்கியிருந்தாள். கான்ட்ராக்ட் முடிந்ததும் சிவசங்கரும் கிளம்பிவிட்டார்.

பெயரை மாற்றியதும் டீச்சரின் செல்போனில் நிலவன் இல்லை. வளர்கிறானா, இளைத்தானா என்று பார்க்க வழியில்லை. "பெத்ததுங்க கட்டிக்கினு போனப்பகூட எனக்கு இப்படி இல்ல" என்று ஒருநாள் என்னிடம் சொல்லி அழுதார். சாப்பாட்டு வேளையில் அவர் மடி காலியாகவே இருந்தது. வேறு பிள்ளை ஏற வந்தால் நகர்ந்து உட்கார்ந்துகொள்வார். எனக்கே கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

பொங்கல் முடிந்து ஒரு மதியம் நான் மகளை அழைக்கப் போயிருந்தபோது, சண்முகப்பிரியா வீடியோவில் கூப்பிட்டாள். கன்னம் உப்பி, ஆள் அடையாளமே மாறி நின்றான் நிலவன். "ஏலே, யாருன்னு பாரு" என்றாள். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "யாரும்மா?" என்று கேட்டான். முதல் முறையாக அவன் பேசி நாங்கள் கேட்டது அதுதான். கேட்டுவிட்டு ஓடிவிட்டான்.

"எப்படி இருக்கான் டீச்சர்? இப்பவாவது நெசத்தைச் சொல்லுங்க."

"நல்லா இருக்கான்மா. ரொம்ப நல்லா வளந்துட்டான்" என்றார் டீச்சர். ஒரு பிள்ளையைப் பற்றி அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. சொன்ன கையோடு பதறிப்போனார். "போதும், போன வச்சிடு. சுத்திப் போட்டுடு. எப்பப் பாப்பம் எப்பப் பாப்பம்னு ஏங்கிகினு கெடந்த கண்ணு இது. என் கண்ணே பட்டுடும்."

சண்முகப்பிரியா இன்னும் அவ்வப்போது வீடியோவில் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். டீச்சர் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, அவன் குரலை மட்டும் கேட்டுக்கொள்கிறார்.