வராண்டாவில் இருந்த கவுன்சிலர்

எங்கள் வார்டில் என் மாமாவைக் கவுன்சிலர் என்று கூப்பிடாதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவர் மனைவி, என் அக்கா. தேர்தலில் நின்று ஜெயித்த கவுன்சிலர் அவள்தான். இன்னொருவன் நான்.

வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது என்று தெரிந்த அன்று மாமா சாப்பிடாமல் படுத்திருந்தார். மறுநாள் எழுந்து அக்காவுக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்துவந்தார். துக்கம் அவ்வளவுதான். பேனரில் அவர் ஆளுயரத்துக்கு நின்று கும்பிட்டார். அக்கா ஒரு மூலையில், ரேஷன் கார்டு படத்தில் இருப்பவளைப் போல விழித்துக்கொண்டிருந்தாள். ஜெயித்த பிறகும் பேனர் நிற்கவில்லை. பொங்கலுக்கு ஒன்று, கட்சித் தலைவர் பிறந்தநாளுக்கு ஒன்று, மாமாவின் பிறந்தநாளுக்கு மூன்று. "இந்தக் கட்டைங்கள வெச்சிக்க வூட்டுல எடம் ஏது?" என்று அக்கா ஒருநாள் கத்தியதும் மரச்சட்டங்களையெல்லாம் குட்டியானை வண்டியில் ஏற்றி எங்கோ கொண்டுபோய் வைத்துவிட்டார்.

ஓட்டுக் கேட்டுப் போனபோது மீன் மார்க்கெட் பெண்கள் அக்காவிடம் கேட்டது ஒன்றே ஒன்று. மார்க்கெட்டுக்குப் பின்னால் நகராட்சி கட்டிய பெண்கள் கழிப்பறை பூட்டியே கிடக்கிறது, அதைத் திறந்துவிட வேண்டும். விடிவதற்கு முன் கூடையோடு வந்து உட்காருகிறவர்கள், மதியம் வீடு திரும்பும்வரை பயந்து தண்ணீர் குடிப்பதில்லை. "கண்டிப்பா தொறக்குறேன்க்கா" என்று அக்கா அவர்கள் கையைப் பிடித்துச் சொன்னாள். பதவிக்காலத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. பூட்டு அப்படியே தொங்கியது. அக்கா மார்க்கெட்டுக்குப் போவதையே விட்டுவிட்டாள். கவுன்சிலர் வீட்டில் மீன் இல்லை, கருவாடுதான்.

எங்கள் நகராட்சியில் கூட்டம் என்றால் இரண்டு கூட்டம். மன்றத்துக்குள் மனைவிமார்கள். வெளியே வராண்டாவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கணவன்மார்கள். டீ, வடை, எந்தத் தெருவுக்கு எந்த கான்ட்ராக்டர் என்பதெல்லாம் வராண்டாவில் முடிந்துவிடும். உள்ளே கை தூக்குவார்கள். இந்த வெட்கக்கேட்டிலும் மாமா ஒரு படி மேலே. அவர் அக்காவை உள்ளேகூட அனுப்பவில்லை. "ஆம்பளைங்க கத்துற எடத்துல உனக்கு என்னா வேலை?" கூட்டம் முடிந்ததும் வருகைப் பதிவேடு பியூனின் வண்டியில் வீட்டுக்கு வரும். அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவாள். பிறகு புதிதாக ஓர் ஆணையர் வந்தார். பதிவேடு மன்றத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்றார். மாமா அதை யாரோ யாருக்கோ சொன்னதாக எடுத்துக்கொண்டு வழக்கம்போல வராண்டாவில் டீ குடித்தார்.

மூன்று மாதம் தொடர்ந்து கூட்டத்துக்கு வராத உறுப்பினரின் பதவி தானாகவே போய்விடும். அக்காவுக்கு அந்தக் கடிதம் வந்தபோது நான் அண்ணாமலை நகரில் லாட்ஜில் தங்கிப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் கரண்ட் பில்லில் இருந்து கோர்ட் சம்மன் வரை எல்லாம் என்னிடம்தான் வரும்.

"மச்சான், ஒடனே பொறப்புட்டு வா. எவனோ வெளையாடுறான்" என்றார் மாமா போனில்.

போய்ப் படித்துச் சொன்னேன். மாமாவுக்கு நிஜமாகவே புரியவில்லை.

"வரலன்னு எப்படி எளுதுறான்? ஒரு கூட்டம் வுடாம நான் போயிருக்கேன்டா! டீ குடுத்தவனக் கேளு!"

"ஜெயிச்சது அக்கா மாமா."

"ரெண்டும் ஒண்ணுதான்டா!"

அடுத்த நாள் என்னையும் ஏற்றிக்கொண்டு கடலூருக்கு, மஞ்சக்குப்பத்தில் ஒரு கட்சிக்காரர் வீட்டுக்குப் போனார். அவர் பனியனோடு ஊஞ்சலில் இருந்தார். கடிதத்தைப் படிக்கவில்லை. எடை பார்ப்பது போல் கையில் பிடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"போனா போவட்டும்யா. காலியானா இடைத்தேர்தல் வரும். ஒன் தம்பி பொண்டாட்டிய நிறுத்து. புதுசா அஞ்சு வருசம்."

மாமாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. பக்கத்தில் இருந்து அவருக்குச் சோறு போட்ட மனுஷி பதவியிழந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். இவர் அதற்குள் தம்பி மனைவிக்கு எந்தக் கலர் புடவை என்று பார்க்கத் தொடங்கிவிட்டார்.

"புதுசா அஞ்சு வருஷம் கிடையாதுங்க" என்றேன். "மன்றத்துக்கு முதல் கூட்டம் நடந்த நாள்லருந்துதான் அஞ்சு வருஷம். நடுவுல யார் வந்தாலும், அக்காவுக்கு எவ்வளவு பாக்கி இருக்கோ அதுதான் அவங்களுக்கும்."

ஊஞ்சல் நின்றது. "தம்பி படிக்கிற புள்ளயா?"

"ஆமாங்க."

"மூஞ்சியிலயே தெரியுது" என்றார். அதற்கு மேல் என் பக்கம் திரும்பவில்லை.

திரும்பி வரும்போது, ஊர் நெருங்கும் இடத்தில் மாமா கேட்டார். "அப்ப மிச்சம் மீதிக்குதான் அவ்ளோ செலவு பண்ணணுமா?" அவருக்கு உறைத்தது அது ஒன்றுதான். மக்கள் கொடுத்த ஐந்து வருடத்தை ஒரே இலைச் சாப்பாடு என்று நினைத்திருந்தவர், எழுந்தால் வேறு இலை போடமாட்டார்கள் என்றதும் வாடிப்போனார்.

இன்னொரு வழி இருந்தது. குறித்த நாளுக்குள் அக்காவே விண்ணப்பித்தால், மன்றம் விரும்பினால் பதவியைத் திருப்பிக் கொடுக்கலாம். மாமா மறுபடி உற்சாகமானார். என்னை எழுதச் சொல்லி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடத்தில் நடந்தார்.

"உடல்நிலை சரியில்லாத காரணத்தால்னு போடு."

அடுப்படியில் இருந்து அக்கா வந்தாள். "யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

"ஒனக்குத்தான்."

"எனக்கு ஒண்ணும் இல்ல. குத்துக்கல்லாட்டம் இருக்கேன்." என் எதிரில் உட்கார்ந்தாள். "தம்பி, எளுது. எங்க வூட்டுக்காரரு என்னை அனுப்பல. அதனால வரல. இனிமே நானே வருவேன்."

"ஊரு சிரிக்கும்டி!"

"இப்ப மட்டும் அளுவுதா? அப்டி எளுதுனாதான் கையெழுத்துப் போடுவேன். இல்லன்னா ஒங்க தம்பி பொண்டாட்டியவே நிறுத்திக்கங்க. எனக்கு மார்க்கெட்டுல தல நிமுந்து ஒரு கிலோ சங்கரா வாங்கணும், அவ்ளோதான்."

மாமா என்னைப் பார்த்தார். நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தன்று அக்காவை நான்தான் அழைத்துப் போனேன். அவளை வாசலில் விட்டுவிட்டு வராண்டாவில் நின்றேன். மாமா தன் நாற்காலியில் இருந்தார். உள்ளே மைக்கில் விண்ணப்பத்தை வரிக்கு வரி படித்தார்கள். "வூட்டுக்காரரு அனுப்பல" என்ற இடத்தில் பெண்கள் சிரித்தார்கள். வராண்டாவில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் வடையைக் கவனமாகச் சாப்பிட்டார்கள். தெருவிளக்கு பல்பு வாங்கும் தீர்மானத்துக்கும் கொசு மருந்துக்கும் நடுவில் அக்காவுக்குப் பதவி திரும்பக் கிடைத்தது. நியாயம் என்று நினைத்துக் கொடுக்கவில்லை. இடைத்தேர்தல் வந்தால் நகராட்சித் தலைவருக்குத் தலைவலி, அதனால் கொடுத்தார்கள்.

உடனே அக்காவின் குரல் கேட்டது. மைக்கை எவ்வளவு தூரத்தில் வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை, வராண்டா அதிர்ந்தது.

"மீன் மார்க்கெட் லேடீஸ் கக்கூஸ எப்ப தொறப்பீங்க?"

"பரிசீலிக்கப்படும்" என்றார் தலைவர்.

"தொறக்குறதுக்கு என்னா பரிசீலன? சாவி யாருகிட்ட இருக்கு?"

காகிதம் புரளும் சத்தம். பிறகு ஓர் அலுவலரின் தயங்கிய குரல்: "சாவி ரொம்ப நாளா கவுன்சிலர்கிட்டதான் மேடம் இருக்கு. ஏதோ பேனர் கட்டை வைக்கணும்னு வாங்கிட்டுப் போனாரு."

"எந்த கவுன்சிலரு?"

வராண்டாவில் இத்தனை நாள் மாமா தோளில் கை போட்டிருந்தவர்கள், தங்கள் நாற்காலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார்கள். மாமா வடை இருந்த காகிதத்தை மடித்துக்கொண்டே இருந்தார்.

கூட்டம் முடிந்து அக்கா வெளியே வந்தாள். நேராக அவர் முன்னால் வந்து நின்று கையை நீட்டினாள். மாமா சுற்றிலும் பார்த்தார். பிறகு வண்டிச் சாவிக் கொத்தை எடுத்து, அதிலிருந்து ஒன்றை நகத்தால் கழற்றத் தொடங்கினார். வளையம் இறுக்கமாக இருந்தது. யாரும் உதவவில்லை. நானும்தான்.