அம்மா நீட்டிய தட்டு

அப்பாவின் 1994ஆம் வருட டைரியைத் திறந்தால் இன்னமும் மெஷின் எண்ணெய் வாடை வருகிறது. தை மாதத்துப் பக்கம் ஒன்றில், 'துடியலூர். இத்தாலிக்காரர் வீட்டில் விருந்து. மல்லிகா கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்' என்று எழுதி, கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடுகள் போட்டிருக்கிறார். மல்லிகா என் அம்மா.

அப்பா நூற்பாலைகளில் மெஷின் பூட்டும் பிட்டர். புது மெஷின்களை நிறுவ வந்து, மனைவியோடு துடியலூரில் குடியிருந்த இத்தாலிக்காரரும் அவரும் 'டைட்', 'லூஸ்', 'அலைன்மென்ட்' என்ற சொற்களைக் கொண்டே நாள் முழுக்கப் பேசி வேலையை முடித்துவிடுவார்கள். அவர் மனைவி லூசியாவுக்கு அந்தச் சொற்களும் கிடையாது. இந்த ஊருக்கு வந்தபின் அவள் முதன்முதலாகச் சாப்பிட அழைத்தது எங்களைத்தான்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. பஸ்ஸிலேயே அம்மா சொல்லிவிட்டாள்: "மறுக்கா வெக்க வந்தாப் போதுமுங்கன்னு சொல்லோணும் கண்ணு. மூணாந் தபா வெச்சாத்தான் வாங்கோணும்." எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் 'மருவாதி'.

லூசியா மாவைப் பிசைந்து, நாடா நாடாவாகக் கையாலேயே வெட்டி வேகவைத்து, தக்காளிக் குழம்பில் புரட்டி வைத்திருந்தாள். ஆளுக்கு ஒரு கரண்டி. அது தீர்ந்ததும் மறுபடி பாத்திரத்தோடு வந்தாள். "போதுங்க" என்று அப்பா தட்டின் மேல் கையை விரித்தார், அம்மாவும் விரித்தாள், நானும் விரித்தேன். மூன்று கைகளையும் பார்த்துவிட்டு அவள் பாத்திரத்தை உள்ளே கொண்டுபோய்விட்டாள். அடுத்து வந்த கோழியும் அப்படியே உள்ளே போனது.

"எனக்கு வயிறு கபகபங்குது. ஒரு தபா கேட்டுப்போட்டு எடுத்துட்டுப் போயிருச்சே அந்தம்மணி" என்று அப்பா முணுமுணுத்தார்.

"நீங்கதானுங்க மொதல்ல கையை விரிச்சீங்க."

"ப்ராப்ளம்?" என்றார் இத்தாலிக்காரர்.

"நோ ப்ராப்ளம்" என்றார் அப்பா.

சமையலறையில் லூசியா எங்களுக்கு முதுகு காட்டி நின்று கண்களைத் துடைத்துக்கொண்டிருந்ததை அம்மாதான் பார்த்தாள். நாள் முழுக்க ஆக்கியது எங்களுக்குப் பிடிக்கவில்லை என்று லூசியா நினைத்துக்கொண்டாள் போலும். சொந்த அண்ணன் வீட்டில்கூட அவர்கள் மூன்று முறை கேட்காமல் ஒரு கரண்டி ரசம் வாங்காத அம்மா, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அந்நிய வீட்டுச் சமையலறைக்குள் போய் அதை நீட்டினாள்.

"இன்னுங் கொஞ்சம் போடுங்க கண்ணு."

சொல் புரியவில்லை, தட்டு புரிந்தது. அம்மா நின்றபடியே சாப்பிட்டு மறுபடியும் நீட்டினாள். பிறகு கரண்டியை வாங்கி, சாப்பிடாமலே இருந்த லூசியாவின் தட்டில் வைக்கப் போனாள். லூசியா கையை விரித்தாள். அம்மா அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு வைத்தாள். மறுபடி கை, மறுபடி ஒரு கரண்டி. மூன்றாவதில் லூசியா சிரித்துவிட்டாள். அதற்குப் பின் பாத்திரத்தோடு வந்தவள் எங்கள் கைகளைத் தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டுப் பரிமாறினாள்.

"இப்பத்தானுங்க விருந்து" என்றார் அப்பா.

திரும்பும்போது அம்மா, "நான் கேட்டு வாங்கித் தின்னதை ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க" என்றாள். அப்பா சொல்லவில்லை, டைரியில் எழுதி, கோடு போட்டுவிட்டார். அந்தக் கோடுகளை நான் இன்று பெருமையோடு தடவிப் பார்க்கிறேன்.

அந்த வீடு இப்போது இல்லை. பாத்திரங்களை மேசையில் வைத்து, வேண்டியதைப் போட்டுக்கொள்ளச் சொல்லும் காலத்தில் கைகளை விரிக்கும் வழக்கமும் இல்லை. சில ஆண்டுகள் கழித்துப் பயிற்சிக்காக இத்தாலி போன பிட்டர் ஒருவருக்கு, ஊர் திரும்பியிருந்த லூசியா அவர் கையை விலக்கி மூன்று தரம் பரிமாறியதாக அப்பா சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. அந்தப் பிட்டரின் பெயரை எல்லா டைரிகளிலும் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை. ஆகவே உறுதிப்படுத்தப்படாத தகவலாகவே இதை எழுதி வைக்கிறேன்.