அக்காவுக்கு நீட்டிய டி.சி.

தலைமை ஆசிரியரின் மேசைமேல் அக்காவின் டி.சி. கிடந்தது. பக்கத்தில் மூடி திறந்த பேனா. அம்மா கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

அது 2003. கம்பம் பக்கம் ஒரு தனியார் பள்ளி. அக்கா பத்தாவது, நான் ஒன்பதாவது. காலாண்டுத் தேர்வில் அக்கா கணக்கில் பெயில். தேறாது என்று தோன்றும் பிள்ளைகளை, பொதுத்தேர்வுக்குப் பெயர் அனுப்பும் முன்பே டி.சி. கொடுத்து வெளியே தள்ளுவது அந்தப் பள்ளியின் வழக்கம். அடுத்த வருடம் தனித்தேர்வராக எழுதிக்கொள்ளலாமாம். வருடாவருடம் நூறு சதவீதத் தேர்ச்சி அப்படித்தான் வந்தது. அந்த வருடம் ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து அக்கா வகுப்புக்குக் கணக்கு வாத்தியாரே இல்லை. அதை யாரும் பேசவில்லை.

திராட்சை வெட்டிக்கொண்டிருந்த அம்மா, கறை படிந்த கையோடு வந்து நின்றாள். பக்கத்தில் அக்காவும் நானும். தலைமை ஆசிரியர் உட்காரச் சொல்லவில்லை.

“கையெழுத்தப் போட்டுட்டுக் கெளம்பும்மா. ஒம்மகளால பள்ளிக்கூடத்துப் பேரு கெட்டுறக் கூடாது.”

“பெயிலானா எம்மகதேன் பெயிலாவுறா. ஒங்களுக்கு எங்கன சார் வலிக்குது?”

அவர் முகம் சிவந்தது. என்னைக் காட்டினார். “சின்னவளும் இங்கனதான் படிக்கிறா. யோசிச்சுக்க.”

அம்மா என்னைப் பார்த்தாள். பேனாவை எடுத்தாள். மூடியைப் போட்டு அவர் பக்கம் தள்ளினாள்.

“அவளுக்கும் சேத்துத்தேன் கேக்குறேன். பேர அனுப்புங்க. இல்லாட்டி தேனிக்குப் பஸ் ஏறி, கல்வி ஆபீசு வாசல்ல ஒக்காந்துக்கிருவேன்.”

அக்காவின் பெயர் பொதுத்தேர்வுக்குப் போனது. அவள் தேர்வு எழுதினாள்.

தேர்வு நியாயமா என்று இன்று மேடை போட்டுப் பேசுகிறார்கள். வாத்தியார் இருந்த வகுப்பையும் இல்லாத வகுப்பையும் ஒரே தாளை வைத்து அளப்பது அநியாயம். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அந்தத் தாளைத் திருத்தியவருக்கு அக்கா யாரென்று தெரியாது. அம்மா கூலிக்காரி என்பதும் தெரியாது. எங்களை நன்றாகத் தெரிந்த மனிதர்தான் அவளை எழுதவே விடாமல் தடுக்கப் பார்த்தார். இப்போதும் தேனி பஸ் ஸ்டாண்டில் ‘நூறு சதவீதம்’ என்ற பேனரைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யாரை வெளியே தள்ளி அந்த நூறைக் கட்டினார்கள்?

அக்கா கணக்கில் மட்டும் பெயிலானாள். மதிப்பெண் பட்டியல் வாங்கப் போனபோது தலைமை ஆசிரியர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “நான் அப்பவே சொன்னேன்ல?”

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா குனியவில்லை.

“சொன்னீக சார். நான் நம்பல. இப்ப பேப்பர் திருத்துனவுக சொல்லிட்டாக, ஒத்துக்கிறேன். மறுபடி எப்ப எழுதணும்? அத மட்டும் சொல்லுங்க.”